தையல் மெஷினா, குவாசரா?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். ஊருக்கு அவர் ஆன்டெனா. மாடி மாடியாக ஏறி டி.வி. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பியே வயதானவர். மேலே நின்றுகொண்டு "இப்பத் தெரியுதா?" என்று அவர் கத்துவார். கீழேயிருந்து "தலை தெரியுது, உடம்பு தெரியலை!" என்று வீட்டுக்காரர்கள் கத்துவார்கள். அந்தக் கத்தலிலேயே அவருடைய வாலிபம் கரைந்துபோயிற்று. பிறகு கேபிள் வந்தது. மீன்முள் மாதிரி நின்ற ஆன்டெனாக்களெல்லாம் காக்கை உட்காரும் கம்பிகளாகிவிட்டன.

கல்யாணத்துக்கும் இரண்டு மூன்று இடம் பார்த்தார்கள். ஒன்று கூடிவருகிற மாதிரி இருக்கும், கடைசியில் தட்டிப்போகும். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அக்காவே, "இனிமே நீயாச்சு, உன் கம்பியாச்சு" என்று கைகழுவிவிட்டாள். அக்கா வீட்டு மாடி அறையில் ஒரு கட்டிலும், பிரித்துப்போட்ட ரேடியோக்களும், அவருமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மலைச்சரிவில் இருந்த வானாராய்ச்சி நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். அங்கே ஒரு மைதானத்தின் அளவுக்குப் பெரிய கம்பிவலைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அது பார்ப்பது வெளிச்சத்தை அல்ல, ரேடியோ அலையை. வானத்திலிருந்து வருகிற அலையோ அவ்வளவு மெலிசு. ஊருக்குள் யாராவது வெல்டிங் வைத்தால் போதும், அந்தத் தட்டுக்குக் காது செவிடாகிவிடும். அதனால் ஊருக்குள் எங்கே எந்த மின்சாரச் சாமான் பொல்லாத அலையைக் கிளப்புகிறது என்று தேடிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆன்டெனாவுக்கு அந்த வேலை கிடைத்தது. கூடவே கூரையில் சின்ன ஆன்டெனா வைத்த பழைய வேன் ஒன்றும், அந்த அலையைப் பிடித்துச் சத்தமாகக் காட்டுகிற பெட்டி ஒன்றும்.

வேன் தெருவில் நுழைந்தாலே ஜனங்கள் பதறுவார்கள். மின்சாரத் திருட்டைப் பிடிக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவர் ஒயரை ஒளிப்பார், இன்னொருவர் கதவைச் சாத்துவார். "அய்யா, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்க டியூப்லைட்டு சோக்கு கத்துது, அதை மட்டும் மாத்திடுங்க" என்று கெஞ்சுவார் ஆன்டெனா. "கத்துதா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே!" என்பார்கள். அவருக்கும் கேட்காது. பெட்டிக்குத்தான் கேட்கும். அதை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

நிலையத்தில் அவருக்கு மேலே இருந்தவர் ஆராய்ச்சிக்கார அம்மாள் ஒருவர். எல்லாரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். கடைத்தெருவுக்குப் போனால், "மூட்டு வலிக்கு என்ன மாத்திரை போடலாம்?" என்று கேட்பவர்களுக்கு முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அலுத்துப்போய், "வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அந்த வருஷம் டாக்டரம்மாவின் வேலை குவாசர்கள். ஆன்டெனாவுக்கு அந்த வார்த்தையே வாயில் நுழையவில்லை. ஒரு நாள் வேன் சாவியை வாங்கப் போனவர், மனசு கேட்காமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, அது என்னதும்மா? நட்சத்திரமா?"

"பார்த்தா நட்சத்திரம் மாதிரி நீலப் புள்ளியாத் தெரியும். ஆனா நட்சத்திரம் இல்லை. ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கிற ஒரு பால்வெளியோட, அதாவது நட்சத்திரக் கூட்டத்தோட, நடு வயிறு. அங்க ஒரு பெரிய கருந்துளை எல்லாத்தையும் விழுங்குது. விழுங்கறதுக்கு முன்னாடி அதெல்லாம் பழுக்கக் காய்ஞ்சு ஜொலிக்குது."

"அது கத்துமா?"

"அதுதான் கேள்வி. வெளிச்சத்தை வெச்சு நூத்துக்கணக்கா கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா ரேடியோவுல கேட்டா பத்துல ஒண்ணுதான் கத்துது. மத்ததெல்லாம் வாயே திறக்கறதில்லை. எல்லாம் ஒரே ஜாதி, ஒரே வெளிச்சம். அப்புறம் ஏன் இப்படின்னு யாருக்கும் தெரியலை."

"கத்தாததை எதுக்கும்மா நாம உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கோம்?"

"கத்தலைன்னு உறுதியாத் தெரியணும்ல?"

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தினமும் தட்டி, ஆள் இல்லை என்று எழுதிவைப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற அளவில் விளங்கிக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்படி இருக்கையில், கத்தாத குவாசர் என்று எல்லாரும் நினைத்திருந்த ஒன்றின் பதிவுக் கோட்டில் ஒரு மேடு தெரிந்தது. அந்தத் தட்டு தெற்கு வடக்காகத்தான் சாயும், கிழக்கு மேற்காகத் திரும்பாது. வானம்தான் அதன் தலைக்கு மேலே நகர்ந்துபோக வேண்டும். அந்தக் குவாசர் சாயங்கால டீ வேளைக்குத் தலைக்கு மேலே வரும், சில நிமிஷத்தில் போய்விடும். அது வருகிற நேரம் பார்த்துக் கோடு மேலே ஏறியது. டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் மேடு பாதியாகிவிட்டது. அதற்கு மறுநாள் மலை மாதிரி நின்றது. இன்னொரு நாள் ஒன்றுமே இல்லை, கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. சந்தோஷமெல்லாம் வடிந்துபோய், "இது மேல இருந்து வருதா கீழ இருந்து வருதான்னே தெரியலை. நீங்க ஊருக்குள்ள கொஞ்சம் பாருங்களேன்" என்று ஆன்டெனாவை அனுப்பினார்.

வேனை உருட்டிக்கொண்டே போனார். கீழத்தெரு முனையில் திரும்பியதும் பெட்டி கர்ர் என்றது. கொஞ்சம் நிற்கும், மறுபடி கர்ர் என்னும். சத்தம் வலுத்த இடத்தில் ஒரு தையல்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வாசற்படியில் பெரிய அளவில் ஒரு ஜோடி ஆண்கள் ஷூ. உள்ளே பள்ளிக்கூடச் சீருடைகள் நீல நீலமாகக் குவிந்திருக்க, நடுவில் மோட்டார் மாட்டிய தையல் மெஷினில் ஓர் அம்மாள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். அலமாரித் தட்டில் ஒரு சின்ன ரேடியோ. மெஷின் ஓடும்போதெல்லாம் அதில் பாட்டு கரகரத்தது.

ஷூவைப் பார்த்ததும் ஆன்டெனா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போகிறவர் போலிருக்கிறது, உள்ளே தூங்குகிறார். எழுப்பிவிடக் கூடாது. அதனால் குரலைத் தாழ்த்தி, கிசுகிசுவென்று ஆரம்பித்தார்.

"வணக்கம்மா. மலைமேல ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வரேன். உங்க மெஷின் மோட்டார்ல கார்பன் கட்டை தேஞ்சிருக்கு. பொறி பறக்குது. அது எங்க தட்டுக்குக் கேக்குது."

"என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"முடியாதும்மா" என்றார் ஆன்டெனா, அதையும் கிசுகிசுவென்றே. பின்பு மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். தையல்காரம்மா கையில் பிடித்த காலர் பட்டையோடு அவரையே பார்த்தார்.

"அப்ப நான் மெஷினை நிறுத்தணுமா?"

"ரொம்ப நேரம் இல்லை. ஒரு கால்மணி நேரம். நாலு மணிக்கு. அப்பதான் அது தலைக்கு மேல வரும்."

"எது?"

"குவாசர்."

"அது யாரு?"

"நீலமா இருக்கும்" என்றார் ஆன்டெனா. தையல்காரம்மா சீருடைக் குவியலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

மறுநாள் நாலு மணிக்கு முன்னாலேயே போய் நின்றார். தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று டீ போட்டார். இவருக்கும் ஒரு டம்ளர் வந்தது. அன்றைக்குப் பதிவில் மேடு குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை.

"அப்ப மெஷின்தானா, இல்லையாம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"கொஞ்சம் மெஷின். கொஞ்சம் வேற என்னவோ. தினமும் நிறுத்தச் சொல்லுங்க, பார்ப்போம். ஆனா ஒண்ணு, நாளைக்கு நாலு நிமிஷம் முன்னாடியே நிறுத்தணும்."

"ஏன்?"

"பூமி சூரியனைச் சுத்துதில்லையா? அதனால நட்சத்திரமெல்லாம் தினமும் நாலு நிமிஷம் முந்திக்கும்."

இதை அப்படியே கொண்டுபோய்த் தையல்காரம்மாவிடம் ஒப்பித்தார். "இது நல்ல கூத்தா இருக்கே. அப்படியே முந்திக்கிட்டே போனா ஒரு நாள் விடிகாலைல வந்து நிப்பீங்களா?" என்றார் அவர். ஆன்டெனா அதுவரை அதை யோசிக்கவே இல்லை.

ஆனால் நடந்தது அதுதான். நாலு மணி டீ மூணரை மணி டீயானது, மூணு மணி டீயானது. மோட்டாருக்கான கார்பன் பழைய மாடல், வரவழைக்க நாளாயிற்று. வந்ததும் ஆன்டெனாவே உட்கார்ந்து மாற்றினார், பொறியை அடக்க ஒரு கண்டென்சரும் வைத்துக் கட்டினார். வேனில் போய்ப் பெட்டியைப் போட்டுப் பார்த்தார். மெஷின் ஓடுகிறது, பெட்டி மூச்சு விடவில்லை. வேலை முடிந்தது.

முடிந்தது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். கடைக்குத் திரும்பி வந்து, "எதுக்கும் இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தியே வைங்க. புது கார்பன் உக்காரணும்" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று வேனில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். கார்பன் உட்காரத்தான் வேண்டும், அது உண்மை. அதற்கு ஒரு மணி நேரம் போதும், அதுவும் உண்மை. அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

மேடோ இப்போது ஆட்டம் அடங்கி, தினமும் ஒரே உயரத்தில் நின்றது. "மேலதான் இருக்கு! கத்தாததுன்னு நினைச்சது கத்துது!" என்று டாக்டரம்மா குதித்தார். ஆன்டெனாவும் கூடவே சந்தோஷப்பட்டார், எதற்கென்று புரியாமல்.

டீ நேரம் கழிந்து, குவாசர் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு வந்து சேர்ந்தது. "சாப்பிடற நேரத்துல வந்து நிக்கறீங்க. ஒருத்தரைப் பார்க்க வெச்சுட்டுச் சாப்பிட முடியுமா?" என்று தையல்காரம்மா தட்டை வைத்தார். ரொட்டியும் அவித்த காய்கறியும்தான். ஆன்டெனா அவசர அவசரமாக விழுங்கினார். உள்ளே ஒரு மனுஷன் தூங்குகிறான், அவன் சம்பாத்தியத்தில் இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்று கூனிக்குறுகினார். குரல் இன்னும் தாழ்ந்தது. தையல்காரம்மாவோ, பாவம் இந்த மனுஷனுக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று முதல் நாளே தீர்மானித்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் வரும். எதற்கு இது என்று இவர் கேட்கவில்லை. கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவார்.

அந்த வாரங்களில் இன்னொரு கோளாறு நடந்தது. குவாசர் உச்சிவேளையில் வந்தால் சூரியனும் அந்தப் பக்கமே வருகிறதல்லவா? சூரியன் கத்துகிற கத்தலில் பதிவெல்லாம் பாழாயிற்று. "ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ஓய்வெடுங்க, அண்ணே. கடைக்கெல்லாம் போக வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. ஆன்டெனா சரி என்று தலையாட்டினார். மறுநாள் மத்தியானம் வேன் தானாகக் கீழத்தெருவுக்குப் போய் நின்றது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேன் நிற்கிற இடத்தைப் பற்றி அக்காவின் காதுக்குச் சேதி வந்தது. சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு போகிற தம்பிக்குத் தையல்கடையில் என்ன வேலை? கிழிந்த ஜன்னல் திரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்கா நேரே கடைக்குப் போனாள். போனவள் சாயங்காலம்தான் திரும்பினாள். தம்பி மாடியில் ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தையல் நேரா இருக்கு" என்றாள் அக்கா, கதவருகே நின்று. "பேச்சும் நேரா இருக்கு. நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

"எதைப் பத்தி?"

"அட மடையா! அந்தம்மாவைப் பத்தித்தான்."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "அக்கா! அவங்களுக்குப் புருஷன் இருக்காரு!"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. வாசல்ல ஷூ இருக்கு."

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வந்தது, அதை முந்தானையால் மறைத்தாள். "ஷூ இருந்தா புருஷன் இருக்கான். சரிதான். போய் அவளையே கேளு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். படியிறங்கும்போது அவள் சிரித்துக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஆன்டெனாவுக்கு விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது.

கேட்பதாவது! ஒரு பெண்பிள்ளையிடம் போய், உனக்குப் புருஷன் இருக்கிறானா என்று எந்த வாயால் கேட்பது? இருந்தால் செருப்படி. இல்லையென்றால்? இல்லையென்றால் என்ன சொல்வது என்பதை நினைத்தபோதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அதனால் இன்னும் தாழ்ந்த குரலில் பேசி, இன்னும் இரண்டு டம்ளர் மிளகு வெந்நீர் குடித்தார்.

நிலையத்தில் டாக்டரம்மாவின் சந்தோஷமும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. சூரியன் விலகியதும் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தவர், மேட்டின் உச்சி குவாசர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி விழுவதைக் கண்டுபிடித்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் ஆன்டெனா மெதுவாகக் கேட்டார்.

"மறுபடி மெஷினாம்மா?"

"மெஷின் இல்லைண்ணே. நம்ம தட்டு வானத்தை ஊசிமுனையாப் பார்க்காது. ஒரு பெரிய வட்டத்துக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் கேக்கும். கூட்டத்துல யாரோ கத்தறான், எவன்னு தெரியலைங்கற மாதிரி. அந்த வட்டத்துக்குள்ள குவாசர் பக்கத்துலயே சாதாரணப் பால்வெளி ஒண்ணும் இருக்கு. கத்தறது இதுவா அதுவான்னு நம்மால சொல்ல முடியாது. எங்க படிப்புல இதுக்குப் பேரே குழப்பம்தான்."

"என்னது?"

"குழப்பம். நிஜமாவே அதுதான் பேரு. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

ஆன்டெனாவுக்கு என்னமோ நெஞ்சு லேசானது. இவ்வளவு படித்தவர்கள் அதற்கு ஒரு பேர் வைத்து, புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் தான் திருதிருவென்று விழிப்பது மட்டும் பெரிய குற்றமில்லை என்று தோன்றியது.

தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. தூரதேசத்தில் பல தட்டுகளை வரிசையாக வைத்து, எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கண்ணாகப் பார்க்கிற நிலையம் ஒன்று இருந்தது. அது கூர்மையாகப் பார்க்கும். அங்கே பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். அங்கே இவர்கள் முறை வருவதற்குள் குவாசர் காலை நேரத்துக்கு வந்துவிட்டது. தையல்கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். குவாசரோ எட்டரைக்கு வந்து நின்றது.

திறக்காத கடைக்கு முன்னால் வேனை நிறுத்திக்கொண்டு ஆன்டெனா உட்கார்ந்திருந்தார். கடையே திறக்கவில்லை, மெஷினும் ஓடவில்லை, எதை நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கதவு திறந்தது. தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "வெளியில உக்காந்து ஊருக்கு வேடிக்கை காட்டாதீங்க. உள்ள வாங்க, காப்பி கலக்கறேன்" என்றார்.

இரண்டொரு நாளில் தூரதேசத்திலிருந்து பதில் வந்துவிட்டது. டாக்டரம்மா திரையில் காட்டினார். பெரிய வெளிச்சத் திட்டு ஒன்று, அதுதான் பக்கத்துப் பால்வெளி. அதற்குச் சற்றுத் தள்ளி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மங்கலான ஒரு பொட்டு.

"கத்தினது முக்காலே மூணுவீசம் அந்தப் பால்வெளி. குவாசர் கத்தலை. ஆனா சும்மாவும் இல்லை. முணுமுணுக்குது. வாயே திறக்காததுன்னு நாம நினைக்கிறதெல்லாம் இப்படி முணுமுணுக்குமோ என்னவோ."

"ஏன் முணுமுணுக்குதும்மா?"

"தெரியலை."

"அந்த ஒரு நாள் ஒண்ணுமே வரலையே, அது?"

"அதுவும் தெரியலை." டாக்டரம்மா சோம்பல் முறித்தார். "அடுத்த குவாசருக்குப் போவோம். தையல் மெஷினை இனிமே நிறுத்த வேண்டாம்னு சொல்லிடுங்க."

வேனை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். ஒரு வரிச் செய்திதான், சொல்லிவிட்டு வர வேண்டியது. ஆனால் கடை வாசலில் நிறுத்தியபின் இறங்கக் கால் வரவில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கு எதற்கு வருவது? சொல்லாவிட்டால் அது பொய். காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழை வலுத்தது. வாசற்படியில் ஷூ நனைந்துகொண்டிருந்தது. ஐயோ, அந்த மனுஷன் ராத்திரி எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவான் என்று பதறி இறங்கி ஓடி, இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஷூ நனையுது" என்றார், வழக்கம்போல் கிசுகிசுவென்று.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். "யாரு வீட்டுக்காரர்?"

"உள்ள தூங்கறாரே..."

"உள்ள யாரும் தூங்கலையே."

"அப்ப இது?"

"அது பழைய சாமான் கடைல வாங்கினது. தனியா இருக்கிற பொம்பளை. வாசல்ல ஆம்பளை ஷூ கிடந்தா கண்ட பயலும் கதவைத் தட்ட மாட்டான்னு போட்டு வெச்சிருக்கேன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு." சட்டென்று தையல்காரம்மாவுக்கு ஏதோ விளங்கியது. "அதனாலயா நீங்க இத்தனை நாளும் இப்படிப் பேசினீங்க? உங்க தொண்டைல ஒண்ணும் இல்லையா?"

"தொண்டைலயா? எனக்கா?" என்றார் ஆன்டெனா. அந்தக் கடைக்குள் முதன்முதலாக அவருடைய சொந்தக் குரல் வந்தது. மாடியிலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல். தையல்காரம்மா திடுக்கிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் நனைந்த ஷூவைக் கையில் பிடித்தபடி, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

சிரிப்பு ஓய்ந்ததும் சேதியைச் சொன்னார். "அது மெஷின் இல்லையாம். பக்கத்துல இருக்கிற வேற ஒண்ணாம். இனிமே நீங்க நிறுத்த வேண்டாம்."

"மெஷின் இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியுமே. நீங்க கார்பன் மாத்தின அன்னைக்கே என் ரேடியோல கரகரப்பு நின்னுபோச்சு."

"அப்புறம் ஏன் தினமும் நிறுத்தினீங்க?"

"நீங்க ஏன் தினமும் வந்தீங்க?"

ஆன்டெனா கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். மாடி ஏறி நின்று தெருவுக்கே கேட்கக் கத்தியவரின் குரல் மறுபடி கிசுகிசுப்பாக இறங்கியது. "தெரியலை" என்றார் கடைசியில். அதைவிட உண்மையாக வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கும்தான் தெரியலை. அதைக் கீழ வெச்சுட்டு உக்காருங்க" என்றார் தையல்காரம்மா.

அதற்கப்புறமும் சுலபமாக முடிந்துவிடவில்லை. இவருக்குத் துணிச்சல் வரவே மாதம் பிடித்தது. வந்த துணிச்சலும், "நாம ரெண்டு பேரும்..." என்பதோடு நின்றுவிட்டது. மீதியை அந்த அம்மாளே சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. கைகழுவிவிட்டேன் என்ற அக்கா, இப்போது தம்பி வீட்டைவிட்டுப் போகிறான் என்றதும் மூக்கைச் சிந்தினாள். மாடி அறையிலேயே இரண்டு பேரும் இருக்கட்டும் என்றாள். கடையைவிட்டு வர மாட்டேன் என்றார் தையல்காரம்மா. "எனக்கு எதுவானாலும் சரி" என்றார் ஆன்டெனா. அவரைச் சும்மா இருக்கச் சொல்லி இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள். கடைசியில் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே குடியேறினார்கள். அக்கா வாரத்துக்கு இரண்டு தடவை கிழியாத துணியைக்கூடத் தைக்கக் கொண்டுவந்தாள்.

எளிமையாகப் பதிவுசெய்துகொண்ட கல்யாணத்துக்கு டாக்டரம்மா வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர் அவரிடம் முதுகு வலியைப் பற்றிக் கேட்டார்கள்.

இப்போதெல்லாம் கடை விடுமுறை நாளில் வேனில் இவர் ஓட்ட, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். போன வாரம் புதுக் குடியிருப்புப் பக்கம் பெட்டி விசித்திரமாக விட்டு விட்டு விசில் அடித்தது. வேனை நிறுத்தி, இருவரும் இறங்கி, ஒருவர் இந்தத் தெருவுக்கும் மற்றவர் அந்தத் தெருவுக்குமாகப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார் அவர்.

"ஒண்ணும் புரியலை" என்றார் அந்த அம்மாள். "அந்தக் கோடி வீட்டுலதான் முதல்ல தட்டணும். வாங்க."